ஒரு ரூபாய் மதிப்பில் நின்ற வண்டி

(தீயணைப்புப் பணி வாரத்தை ஒட்டி நம் சமுதாயக் கூடத்தில் நடந்த கூட்டத்தில், சங்கத்தின் முன்னாள் பொருளாளரும் ஓய்வுபெற்ற வங்கி எழுத்தருமான நம் குடியிருப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்.)

 

காஸ் சிலிண்டரில் தீப்பிடித்தால் என்ன செய்வது, எண்ணெய்ச் சட்டியில் ஏன் தண்ணீர் ஊற்றக் கூடாது என்பதையெல்லாம் நிலைய அலுவலர் சொல்லியும் விட்டார், செய்தும் காட்டிவிட்டார். அதற்கு மேல் சொல்ல எனக்கு ஒன்றும் தெரியாது. நான் பி.காம். படித்தவன், 36 வருஷம் வங்கியில் உட்கார்ந்தவன். தீயைப் பற்றி எனக்குத் தெரிந்தது கற்பூர அளவுதான். அதனால் நான் தீயைப் பற்றிப் பேசப் போவதில்லை. ஒரு வண்டியைப் பற்றிப் பேசப் போகிறேன். அதுவும் ஓய்வுபெற்ற வண்டி. ரிட்டயர் ஆனவனுக்கு ரிட்டயர் ஆனதைப் பற்றித்தான் பேச வரும் என்று என் மனைவி காலையிலேயே சொல்லிவிட்டாள்.

ஜனவரி மாதம், நம் ஒத்திகைக்கு அழைப்புக் கடிதம் கொடுக்க நம் பகுதித் தீயணைப்பு நிலையத்துக்குப் போனேன். அலுவலர் ஒரு அழைப்புக்குப் போயிருந்தார். காத்திருக்கச் சொன்னார்கள். சும்மா உட்காரத் தெரியாதவன், வளாகத்தைச் சுற்றி வந்தேன். முன்னால் இரண்டு வண்டிகள் பளபளவென்று நிற்கின்றன. பின்னால், வேப்பமரத்தடியில், மூன்றாவதாக ஒன்று. சிவப்பு வெளுத்து செங்கல் நிறம். முன் சக்கரம் இரண்டிலும் காற்று இல்லை. பம்ப் இருக்கும் இடத்தைச் சுற்றிப் புல். கதவைத் திறந்து எட்டிப் பார்த்தால், ஓட்டுநர் இருக்கையில் ஒரு பூனை குட்டிகளோடு படுத்திருக்கிறது. என்னைப் பார்த்து, நான் ஏதோ அதன் வீட்டுக்கு வாடகை கேட்க வந்தவன் மாதிரி முறைத்தது.

பழக்க தோஷம், மீட்டரைப் பார்த்தேன். அறுபத்தோராயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர். எனக்கு உடனே ரத்தம் கொதித்தது. என்னுடைய சின்னக் கார் பதினோரு வருஷத்தில் ஒரு லட்சத்துப் பத்தாயிரம் ஓடியிருக்கிறது, இன்னும் ஓடுகிறது. மக்கள் வரிப்பணத்தில் வாங்கின லாரியை அறுபதாயிரத்தில் மரத்தடியில் போட்டுவிட்டார்களே!

அங்கே இருந்த வீரர் ஒருவரிடம் கேட்டேன். "ஐயா, அது கண்டம் ஆயிடுச்சு. ஏலத்துக்கு நிக்குது" என்றார்.

"ஓடாதா?"

"ஸ்டார்ட் பண்ணா ஓடும்யா. ஆனா நம்பி எடுத்துட்டுப் போக முடியாது."

இந்த பதில் எனக்குப் பிடிக்கவில்லை. ஓடும், ஆனால் நம்ப முடியாது. இது என்ன கணக்கு? அதற்குள் அலுவலர் திரும்பி வந்துவிட்டார். இதோ உட்கார்ந்திருக்கிறார், நான் சொல்வதில் தப்பு இருந்தால் திருத்தட்டும். கடிதத்தைக் கொடுத்த கையோடு அந்த மீட்டரைப் பற்றித்தான் கேட்டேன். அவர் சிரித்தார்.

"சார், மீட்டரைப் பாத்துக் கணக்குப் போடாதீங்க. ஸ்பாட்டுக்குப் போறது மூணு கிலோமீட்டர். அங்க நின்னு அஞ்சு மணி நேரம் பம்ப் ஓடும். மீட்டர் நிக்கும், இன்ஜின் நிக்காது."

எனக்கு அது வரை தெரியாத விஷயம் இது. தீயணைப்பு வண்டியில் பம்புக்கென்று பெரும்பாலும் தனி இன்ஜின் கிடையாது. வண்டியை ஓட்டும் அதே இன்ஜின்தான். இடத்துக்குப் போய் நின்றதும், பி.டி.ஓ. என்று ஒரு அமைப்பு, அதைப் போட்டால் இன்ஜினின் விசை சக்கரத்துக்குப் போகாமல் பம்புக்குத் திரும்பும். வண்டி நிற்கும், இன்ஜின் மட்டும் உறுமிக்கொண்டே இருக்கும். நாமெல்லாம் சிக்னலில் இரண்டு நிமிஷம் நின்றால் அணைத்துவிடுகிறோம். அது நின்ற இடத்தில் மணிக்கணக்கில் வேலை செய்கிறது.

இப்படி நின்றுகொண்டே ஓடும் இன்ஜினுக்கு, ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 50 கிலோமீட்டர் ஓடிய தேய்மானம் என்று வாகனக் கணக்குப் பார்க்கிறவர்கள் ஒரு உத்தேசம் வைத்துக்கொள்வது உண்டு. வீட்டுக்கு வந்து காகிதத்தை எடுத்தேன். வாரத்துக்கு மூன்று மணி நேரம் பம்ப் ஓடியதாக ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். காலைச் சோதனை, பயிற்சி எல்லாம் சேர்த்து அது அதிகம் இல்லை. 15 வருஷத்துக்கு 2,340 மணி. ஐம்பதால் பெருக்கினால் 1,17,000. மீட்டரில் இருக்கும் அறுபத்தோராயிரத்தைச் சேர்த்தால் ஒரு லட்சத்து எழுபத்தெட்டாயிரம். என் காரைவிடக் கூடுதல். வாயைத் திறந்தது தப்பு என்று தோன்றியது.

இன்னும் இருக்கிறது. நம் ஊரில் சாதாரணமாகப் பார்க்கும் தண்ணீர் வண்டியில் 4,500 லிட்டர் தொட்டி. அதாவது நாலரை டன். நம் சம்ப்பில் தண்ணீர் இறக்கும் லாரி 12,000 லிட்டர் கொண்டுவருகிறது, ஆனால் அது ஊற்றிவிட்டுக் காலியாகத் திரும்பும். தீயணைப்பு வண்டி காலியாக நிற்கவே கூடாது. அழைப்பு வந்த பிறகு தண்ணீர் நிரப்பிக்கொண்டிருக்க முடியாது. எனவே இரவும் பகலும், தீபாவளியும் பொங்கலும், அந்த நாலரை டன்னைச் சுமந்துகொண்டே நிற்கிறது. வில்லுப்பட்டை, டயர், சேஸிஸ் எல்லாம் ஓடாமலே தேய்கின்றன. தொட்டி உள்ளேயிருந்து துருப்பிடிக்கிறது. பிறகு மணி அடித்ததும் குளிர்ந்த இன்ஜினை எழுப்பி, எழுப்பிய நிமிஷமே முழு வேகத்தில் விரட்டுகிறார்கள். படுக்கையிலிருந்து எழுந்ததும் என்னை மாடிப்படியில் ஓடச் சொன்ன மாதிரி.

இன்னொரு கணக்கும் அன்றுதான் புரிந்தது. அந்த அளவு வண்டியின் பம்ப் நிமிஷத்துக்கு 2,250 லிட்டர் தள்ளும் திறன் உள்ளது என்றால், முழு வேகத்தில் விட்டால் 4,500 லிட்டர் எத்தனை நிமிஷம் வரும்? இரண்டே நிமிஷம். அதனால்தான் வந்ததும் "உங்க சம்ப் எங்க, ஹைட்ரண்ட் எங்க" என்று கேட்கிறார்கள். வண்டி கொண்டுவரும் தண்ணீர் ஆரம்பத்துக்குத்தான். மீதி நம்முடையது. இதை நினைவில் வையுங்கள், கடைசியில் இங்கேதான் வரப்போகிறேன்.

சரி, வண்டியை எப்போது ரிட்டயர் செய்கிறார்கள்? நமக்கு 60 என்று ஒரு கோடு இருக்கிற மாதிரி, அரசு வாகனங்களுக்கு இப்போது 15 என்று கோடு. 2023 ஏப்ரல் 1 முதல், முதல் பதிவு முடிந்து 15 வருஷம் ஆன அரசு வாகனங்களின் பதிவைப் புதுப்பிக்க முடியாது, உடைப்புக்குத்தான் போக வேண்டும் என்று மத்திய அரசு விதி கொண்டுவந்தது. நாட்டுப் பாதுகாப்புக்கும் சட்டம் ஒழுங்குக்கும் பயன்படும் சிறப்பு வாகனங்களுக்கு விலக்கு உண்டு. அந்த விலக்கில் தீயணைப்பு வண்டியின் பெயர் எழுதப்படவில்லை. எனக்கென்னவோ இது சரியாகவும் படுகிறது, தவறாகவும் படுகிறது. பழைய வண்டியை வைத்துக்கொண்டு வீரர்களை அனுப்பக் கூடாது என்பது சரி. புதிய வண்டி வந்து நிற்பதற்கு முன் பழையதை எடுத்துவிட்டால் அந்த நிலையத்தின் கதி என்ன என்பதையும் யாராவது யோசிக்க வேண்டும்.

அமெரிக்காவில் இதற்கு ஒரு நடுவழி வைத்திருக்கிறார்கள். அங்கே என்.எஃப்.பி.ஏ. என்ற அமைப்பின் பரிந்துரைப்படி, நன்றாகப் பராமரித்த வண்டியை 15 வருஷம் ஆனதும் முதல் வரிசையிலிருந்து எடுத்து ரிசர்வில் வைக்கலாம். புது வண்டி பழுதுக்குப் போனால் அது வந்து நிற்கும். 25 ஆனால் மாற்றிவிட வேண்டும். நாங்கள் இப்படித்தான். பணமதிப்பு நீக்கத்தின்போது எங்கள் வங்கியில் ரிட்டயர் ஆன சிலரைக் கூப்பிட்டுக் கவுண்ட்டரில் உட்கார வைத்தார்கள். நோட்டு எண்ணும் கை மறக்கவில்லை. ஆனால் மூன்றாவது நாள் எல்லோருக்கும் முதுகு பிடித்துக்கொண்டது.

ரிசர்வ் என்றதும் நான் படித்த ஒரு கதை. இங்கிலாந்தில் 1953 முதல் 1956 வரை, அணுகுண்டுப் போர் வந்தால் ஊர்கள் எரியும் என்று பயந்து, பெட்ஃபோர்டு லாரிகளில் பச்சை வண்ணத்தில் தீயணைப்பு வண்டிகள் செய்தார்கள். மக்கள் வைத்த பெயர் கிரீன் காடஸ். பச்சையம்மன் என்று நான் மொழிபெயர்த்துக்கொண்டேன். எதிர்பார்த்த போர் வரவில்லை. வண்டிகளுக்காக இருந்த துணைப்படையையும் 1968-ல் கலைத்துவிட்டார்கள். ஆனால் வண்டிகளைக் காயலான் கடையில் போடவில்லை. கொட்டகைகளில் வைத்துப் பராமரித்துக்கொண்டே இருந்தார்கள். 1977-ல் தீயணைப்பு வீரர்கள் நாடு முழுக்க வேலைநிறுத்தம் செய்தபோது, ராணுவ வீரர்கள் அந்தப் பச்சையம்மன்களை ஓட்டிக்கொண்டு தீ அணைக்கப் போனார்கள். அதோடு முடியவில்லை. 2002-ல் மறுபடி வேலைநிறுத்தம். மறுபடி அதே வண்டிகள், 800-க்கும் மேல், கிட்டத்தட்ட ஐம்பது வயதில்! வேகம் போதாது, பவர் ஸ்டீயரிங் கிடையாது, புதுக் கருவிகள் எதுவும் இல்லை. இருந்தாலும் கிளம்பின. அதற்குப் பிறகுதான் விற்றார்கள். சில ஆப்பிரிக்க நாடுகளுக்குப் போய் அங்கேயும் வேலை செய்தன.

ஐம்பது வயதுப் பச்சையம்மன் கிளம்பியது, நம் வேப்பமரத்து வண்டி பூனைக்கு வீடாயிற்று. வித்தியாசம் வயதில் இல்லை என்று எனக்குப் பட்டது. ஒன்றை "நாளைக்குத் தேவைப்படும்" என்று தேதி போட்டு ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மற்றது புத்தகத்தில் முடிந்துபோன சாமான்.

புத்தகம் என்றேன். இங்கே கொஞ்சம் என் தொழில் பேசிக்கொள்கிறேன், இரண்டு நிமிஷம். வங்கியில் மேசை, நாற்காலி, பீரோ எல்லாவற்றையும் எழுதி வைக்கும் பதிவேட்டுக்கு டெட் ஸ்டாக் ரிஜிஸ்டர் என்று பெயர். உயிருள்ள நாங்கள் வேறு பதிவேடு. ஒவ்வொரு மார்ச் மாதமும் சாமான்களுக்குத் தேய்மானம் எழுதுவோம். மீதி மதிப்பில் 15 சதவீதம் கழிக்கும் முறையில், 40 லட்ச ரூபாய்க்கு வாங்கிய வண்டி என்று வைத்துக்கொண்டால், 15-ஆவது வருஷ முடிவில் புத்தகத்தில் சுமார் மூன்றரை லட்சம் நிற்கும். நேர்கோட்டு முறையில் போட்டால் பூஜ்யம். பூஜ்யம் என்று எழுதினால் சாமானே இல்லை என்று ஆகிவிடும், ஆடிட்டர் தேடுவார். அதனால் ஒரு ரூபாய் என்று வைத்திருப்போம். எங்கள் கிளையில் ஒரு இரும்புப் பெட்டகம், நாலு ஆள் சேர்ந்தாலும் நகராது, மதிப்பு ஒரு ரூபாய். அதற்குள் இருந்த நகைகள் கோடிக்கணக்கில்.

அந்த ஒரு ரூபாய்ச் சாமான்கள்மேல் எனக்கு அப்போது பெரிய மதிப்பு. செலவில்லாமல் உழைக்கிறதே! புதுசு கேட்டு வருகிற அதிகாரிகளிடம் "இருக்கிறதே ஓடுது சார்" என்று சொல்லிப் பெருமைப்பட்டுக்கொள்வேன். இந்தப் புத்தியோடுதான் நான் ரிட்டயர் ஆனேன். இந்தப் புத்தியோடுதான் நம் சங்கத்துக்குப் பொருளாளராகவும் வந்தேன்.

அதற்கு முன் ஒரு பழைய ஞாபகம். நான் திருவல்லிக்கேணியில் வளர்ந்தவன். அப்போது தீயணைப்பு வண்டிக்குப் பித்தளை மணி. சைரன் ஊளையிடுவது போல் இல்லை அது. டணடணவென்று தெருவில் நுழைந்தால் மாட்டு வண்டியும் ரிக்‌ஷாவும் தானாக ஒதுங்கும். நாங்கள் பின்னாலேயே ஓடுவோம். 1975-ல் எல்.ஐ.சி. கட்டடத்தில் தீப்பிடித்தபோது நான் பி.காம். சேர்ந்த புதுசு. மவுண்ட் ரோட்டில் கூட்டத்தோடு நின்று அண்ணாந்து பார்த்தேன். 1959-ல் திறந்தபோது நாட்டிலேயே உயரமான கட்டடம் அது. எங்கள் பெருமை. அதிலிருந்து புகை. கீழே வண்டிகள் வரிசையாக நிற்கின்றன, வீரர்கள் ஓடுகிறார்கள். மேல் மாடிக்கு ஏணி எட்டவில்லை என்று கூட்டத்தில் எல்லோரும் பேசிக்கொண்டார்கள். வண்டி பழசாவது துருவினால் மட்டும் அல்ல. ஊர் மேலே வளர்ந்துவிட்டால், நேற்று வாங்கிய ஏணியும் இன்று பழசு. அது அன்றைக்கு எனக்குப் புரியவில்லை, வேடிக்கைதான் பார்த்தேன்.

ஓய்வுபெற்ற வண்டிகளில் அதிர்ஷ்டசாலி ஒன்றையும் பார்த்திருக்கிறேன். எல்.எஃப்.சி. எடுத்துக்கொண்டு குடும்பத்தோடு டெல்லி போனபோது, சாணக்கியபுரி தேசிய ரயில் அருங்காட்சியகத்தில். 1914-ல் இங்கிலாந்தில் ஜான் மோரிஸ் கம்பெனி செய்தது, நிஜாம் ரயில்வே வாங்கியது. குழந்தைகள் குட்டி ரயிலுக்கு வரிசையில் நிற்க, நான் அதன் முன்னால் நின்றுவிட்டேன். டெல்லியில் நடக்கும் பழைய கார் ஊர்வலத்தில் அதை ஓட்டிக் காட்டுவார்கள் என்று அங்கே இருந்தவர் சொன்னார். நூறு வருஷம் தாண்டிவிட்டது இப்போது. எல்லா வண்டிக்கும் அப்படிக் கொடுத்துவைக்காது. பெரும்பாலானவை ஏலம், உடைப்பு, இரும்பு.

சரி, நம் வீட்டுக்கு வருகிறேன்.

நம் பி பிளாக் அடித்தளத்தில், ஜெனரேட்டர் அறைக்குப் பக்கத்தில், ஒரு அறை இருக்கிறது. சிவப்புக் குழாய்கள். பாதிப் பேர் உள்ளே போயிருக்க மாட்டீர்கள். அங்கே மூன்று பம்புகள். சின்னது ஜாக்கி பம்ப், குழாயில் அழுத்தம் குறையாமல் பார்த்துக்கொள்ளும். பெரியது மின்சாரத்தில் ஓடுவது. மூன்றாவது டீசல், மின்சாரம் இல்லாதபோது. தீ என்று வந்தால் பெரும்பாலும் முதலில் மின்சாரத்தைத்தான் துண்டிப்பார்கள். அப்போது அந்த மூன்றாவதுதான் கைகொடுக்க வேண்டும். அதாவது, மூன்று பம்புகளில் நாம் அதிகம் மறக்கிற பம்பு எதுவோ அதுதான் அன்றைக்கு வேண்டியிருக்கும்.

மூன்று வருஷத்துக்கு முன், நான் பொருளாளராக இருந்தபோது, பராமரிப்பு மேற்பார்வையாளர் ஒரு பட்டியல் கொண்டுவந்தார். டீசல் பம்புக்கு பேட்டரி இரண்டு, 22,000 ரூபாய். பன்னிரண்டு ஹோஸ் மாற்ற வேண்டும், மடிப்பில் வெடித்திருக்கிறது என்று. நான் கேட்டேன், "இப்போ ஓடுதா?" அவர், "ஓடுது சார், ஆனா..." என்றார். அந்த "ஆனா"வுக்குப் பிறகு நான் கேட்கவில்லை. சிவப்பு மையில் வெட்டினேன். அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று எழுதினேன். என் கையெழுத்துதான், கோப்பில் இருக்கிறது. அந்த ஆண்டு பொதுக்குழுவில் செலவைக் குறைத்ததற்காக எனக்குச் சால்வை போட்டீர்கள். அந்தச் சால்வை இன்னும் வீட்டில் இருக்கிறது.

பிப்ரவரி ஒத்திகையில் என்ன நடந்தது என்று வந்தவர்களுக்குத் தெரியும். வராதவர்களுக்காகச் சொல்கிறேன். அலுவலர் மெயின் சுவிட்சை அணைக்கச் சொன்னார். டீசல் பம்ப் தானாக எழும்ப வேண்டும். கிர்ர்ர் என்றது. டக் என்றது. நின்றுவிட்டது. மூன்று தடவை. நாலாவது மாடி ஹோஸை விரித்தார்கள். குழாயில் மிச்சமிருந்த அழுத்தத்தில் வந்த தண்ணீர் நாசிலுக்குப் போகவே இல்லை. நடுவில் மூன்று இடத்தில் பீறிட்டு, படிக்கட்டில் நின்றவர்களை நனைத்தது. மேல் மாடி ஹைட்ரண்டில் 3.5 கிலோ அழுத்தம் இருக்க வேண்டும் என்று தேசியக் கட்டட விதித்தொகுப்பு சொல்கிறது. அன்றைக்கு நம் மேல் மாடியில் முள் அசையவே இல்லை. குழந்தைகள் சிரித்தார்கள். நானும் சிரித்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டேன்.

கூட்டம் கலைந்த பிறகு சி பிளாக் ஆறாவது மாடி அம்மா, 82 வயது, வாக்கரைப் பிடித்துக்கொண்டு என்னிடம் வந்தார். அவர் கணவர் இரண்டு வருஷமாகப் படுக்கையில் என்று உங்களுக்குத் தெரியும். "தம்பி, இன்னிக்கு நிஜமா இருந்திருந்தா நாங்க ரெண்டு பேரும் என்ன பண்ணியிருக்கணும்?" என்று கேட்டார். குத்தலாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். லிஃப்டில் போகக் கூடாது. அவரால் கணவரைத் தூக்க முடியாது. படிக்கட்டுப் பக்கம் புகை. ஆறாவது மாடிக்குத் தண்ணீர் ஏற வேண்டும், வீரர்கள் ஏறி வரும் வரை. அந்தத் தண்ணீரை நான் 22,000 ரூபாய்க்கு வெட்டியிருக்கிறேன். "பாத்து ஏற்பாடு பண்றோம்மா" என்று சொன்னேன். வேறு என்ன சொல்ல? அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. வேப்பமரத்து வண்டிதான் நினைவில் நின்றது. "ஸ்டார்ட் பண்ணா ஓடும்யா, ஆனா நம்பி எடுத்துட்டுப் போக முடியாது." தீயணைப்புத் துறை அந்த வண்டியை முதல் வரிசையிலிருந்து எடுத்துவிட்டது. நான் அதே மாதிரி ஒரு பம்பை முதல் வரிசையில் வைத்துக்கொண்டு, 144 வீட்டுக்கும் பாதுகாப்பு இருக்கிறது என்று கணக்குக் காட்டியிருக்கிறேன்.

இந்த வாரம் ஏன் கொண்டாடுகிறோம் என்று அலுவலர் ஆரம்பத்தில் சொன்னார். 1944 ஏப்ரல் 14, பம்பாய் விக்டோரியா துறைமுகத்தில் வெடிமருந்துக் கப்பல் வெடித்து, அணைக்கப் போன 66 வீரர்கள் இறந்தார்கள். நம் வீட்டுக்குத் தீ என்றால் ஏறி வரப்போவதும் இதோ பின்னால் நிற்கும் இந்தப் பிள்ளைகள்தான். அவர்கள் வண்டியில் இருப்பது முழு வேகத்தில் விட்டால் இரண்டு நிமிஷத் தண்ணீர் என்று முதலிலேயே சொன்னேன். மூன்றாவது நிமிஷத்தில் அவர்கள் கையில் இருக்கும் நாசிலுக்கு நம் பம்ப் பதில் சொல்ல வேண்டும்.

பேட்டரி இரண்டும் மார்ச்சிலேயே மாற்றிவிட்டார்கள். இப்போதைய பொருளாளர் என்னைக் கேட்காமலே கையெழுத்துப் போட்டார், நல்லது. ஹோஸ் இன்னும் பாக்கி. அடுத்த மாதப் பொதுக்குழுவில் ஒரு தீர்மானம் வருகிறது: வீட்டுக்கு மாதம் 75 ரூபாய், தீப் பாதுகாப்புக்கென்று தனி நிதி. 144 வீட்டுக்கு வருஷம் 1,29,600 ரூபாய். பேட்டரி, ஹோஸ், வால்வு எல்லாவற்றையும் "ஓடுகிறதா" என்று பார்க்காமல் தேதி பார்த்து மாற்றுவதற்கு. இதை வேறு எந்தச் செலவுக்கும் எடுக்கக் கூடாது என்று தீர்மானத்திலேயே எழுதச் சொல்லியிருக்கிறேன். பொருளாளர்களை நம்பாதீர்கள், அனுபவத்தில் சொல்கிறேன். நான் அதை முன்மொழிகிறேன். எதிர்த்துப் பேச விரும்புகிறவர்கள் தாராளமாகப் பேசலாம். என்னுடைய பழைய வாதங்கள் எல்லாம் என்னிடமே இருக்கின்றன, வேண்டுமானால் கடன் தருகிறேன்.

அந்த வண்டியை மார்ச் கடைசியில் ஏலத்தில் எடுத்துக்கொண்டு போய்விட்டார்களாம். எவ்வளவுக்குப் போனது என்று கேட்டேன், எனக்கு அது கேட்காமல் இருக்க முடியாது. அலுவலர் சொல்லவில்லை. பூனை மட்டும் குட்டிகளோடு சமையல் அறைப் பக்கம் குடி மாறிவிட்டதாகச் சொன்னார்.

இன்னும் இரண்டு விஷயம். இனி ஒவ்வொரு ஞாயிறும் காலை பத்தரைக்கு டீசல் பம்பை ஓட்டிப் பார்ப்பார்கள். அரை மணி நேரம் சத்தமாக இருக்கும். குடியிருப்பு வாட்ஸ்ஆப் குழுவில் புகார் போட வேண்டாம். இரண்டாவது, டி பிளாக் மூலையில் ஹைட்ரண்டை மறைத்து ஒரு வெள்ளைக் கார் நிற்கிறது. வண்டி திரும்ப ஆறு மீட்டர் வழி வேண்டும், இப்போது மூன்றரைதான் இருக்கிறது, நானே டேப் வைத்து அளந்தேன். நம்பர் சொல்லவில்லை. உரிமையாளர் இங்கேதான் இருக்கிறார், சுண்டல் சாப்பிட்டுவிட்டுப் போய் எடுத்தால் போதும்.